பின்சீட்டில் தூங்காத குழந்தை

அமெரிக்கப் பாடகி லூசிண்டா வில்லியம்ஸின் 'கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோடு' ஆல்பத்தில் தலைப்புப் பாட்டு இரண்டாவதாக வருகிறது. ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் ஒரு சமையலறை. ரேடியோவில் கண்ட்ரி பாடகி லொரெட்டா பாடிக்கொண்டிருக்கிறார். காபி மணம், முட்டையும் பன்றி இறைச்சியும் பொரிகிற மணம். ஒரு பெரியவரின் குரல் குழந்தையை அதட்டுகிறது: நான் திரும்பி வருவதற்குள் அறை ஒழுங்காக இருக்க வேண்டும். வெளியே சரளைக்கல் மேல் கார் சக்கரம் உருளும் சத்தம். அப்புறம் எல்லோரும் காரில் இருக்கிறார்கள். ஜாக்சனில் யாரையோ பார்க்கப் போகிறார்கள். பருத்தி வயல்கள் மைல் கணக்கில் நீள்கின்றன, கம்பங்களும் மரங்களும் கம்பிகளும் பின்னால் ஓடுகின்றன. முன்சீட்டில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே வருகிறார்கள். பாட்டு முடியப் போகிற நேரத்தில்தான் குழந்தை நம் கண்ணில் படுகிறது. நாலைந்து வயது. பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தபடி, கன்னத்தில் புழுதியும் கண்ணீரும் கலந்து.

ஏன் கிளம்பினார்கள், அந்த வீட்டில் என்ன நடந்தது என்று பாட்டு சொல்வதில்லை. நாலு வயதுக் குழந்தைக்கு என்னவெல்லாம் எட்டுமோ அது மட்டும்தான் உள்ளே இருக்கிறது. மணம், சத்தம், அதட்டல், முன்சீட்டு முணுமுணுப்பு.

என் அப்பாவுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் வருகிற உத்தியோகம். பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஐந்து ஊர், ஐந்து பள்ளிக்கூடம். சாமான் ஏற்றிய லாரியிலேயே நாங்களும் போவோம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உள்ள நீளப் பலகையில் என்னைப் படுக்க வைப்பார்கள். கொஞ்ச தூரம் போனதும் அம்மா ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "பாப்பா தூங்கிட்டா" என்பாள். அதற்கப்புறம்தான் உண்மையான பேச்சு ஆரம்பிக்கும். யாருக்கு எவ்வளவு கடன், தாத்தா வீட்டில் என்ன சண்டை, அம்மா எந்த வேலையை விட்டுவிட்டு வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, முன்சீட்டில் எழும் அந்தத் தாழ்ந்த குரல்கள் பாட்டில் வந்ததும் முதல் தடவையே எனக்கு மூச்சு நின்றது. ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. லூசிண்டாவின் உச்சரிப்பில் சொல்லின் கடைசி எழுத்து எப்போதும் தொண்டைக்குள் போய்விடும். ஆனாலும் அந்த இடம் மட்டும் தெளிவாகப் புரிந்துவிட்டது.

லூசிண்டா 1953-இல் லூசியானாவின் லேக் சார்ல்ஸில் பிறந்தவர். அப்பா மில்லர் வில்லியம்ஸ் கவிஞர். ஆனால் ஆரம்ப காலத்தில் அவர் பிழைப்புக்காக நடத்தியது உயிரியல் பாடம். வேலை கிடைத்த இடமெல்லாம் குடும்பமும் பின்னாலேயே போயிற்று. மிசிசிப்பியில் விக்ஸ்பர்க், ஜாக்சன். ஜார்ஜியாவில் மேக்கன். பிறகு பேட்டன் ரூஜ், நியூ ஆர்லியன்ஸ், நடுவில் சிலி நாட்டின் சாண்டியாகோ, மெக்சிகோ சிட்டி, கடைசியாக ஆர்கன்சாவின் ஃபயட்வில். ஜார்ஜியாவில் இருந்தபோது அப்பா எழுத்தாளர் ஃப்ளானரி ஓ'கானரைப் பார்க்க மில்லெட்ஜ்வில் பண்ணை வீட்டுக்கு மகளையும் அழைத்துப் போயிருக்கிறார். உள்ளே இலக்கியம் பேசிக்கொண்டிருந்தார்கள், வெளியே சின்னப் பெண் மயில்களைத் துரத்திக்கொண்டிருந்தாள். அம்மா பியானோ வாசிப்பவர். மனநோயால் வாழ்நாள் முழுக்க அவதிப்பட்டவர். அறுபதுகளின் நடுவில் பெற்றோர் பிரிந்தார்கள், பிள்ளைகள் அப்பாவிடம் வளர்ந்தார்கள். லூசிண்டாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது, அப்பாவின் மாணவர் ஒருவர் கையில் பாப் டிலனின் புது இசைத்தட்டோடு வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு லூசிண்டாவுக்குத் தெரிந்துவிட்டது, தனக்கு என்ன வேண்டும் என்று. அப்பாவின் கவிதையும் ரேடியோவின் பாட்டும் ஒரே இடத்தில் சேர முடியும்.

இந்தத் தலைப்புப் பாட்டை நாஷ்வில்லில் உள்ள ப்ளூபேர்ட் கஃபே என்ற சின்ன அரங்கில் அவர் பாடியபோது அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். பாடி முடித்ததும் மகளிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று லூசிண்டாவுக்குப் புரியவில்லை. பின்சீட்டில் இருந்த அந்தக் குழந்தை நீதான் அம்மா என்று அப்பா சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. எழுதும்போது தன்னைப் பற்றி எழுதுகிறோம் என்று அவர் நினைக்கவே இல்லையாம். லூசிண்டாவே பல பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்த அன்று ராத்திரி நான் அம்மாவுக்கு போன் பண்ணினேன். பழைய லாரிப் பயணம் ஒன்றில் அவளும் அப்பாவும் பேசிக்கொண்ட ஒரு விஷயத்தைச் சொல்லி, அது அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நீ அன்னைக்குத் தூங்கிட்டியே" என்றாள்.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன். 1998 ஜூன் 30 அன்று வெளியானது. அதற்கு முந்தைய ஆல்பம் 1992-இல் வந்தது. நடுவில் ஆறு வருடம். இந்த ஆறு வருடத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. பெரும்பாலும் ஒரு குற்றப்பத்திரிகை மாதிரிதான் எழுதினார்கள். அதனால் என் பங்குக்கு நானும் கொஞ்சம் எழுதியாக வேண்டும்.

முதலில் ஒரு பின்னணி. கண்ட்ரி, ப்ளூஸ், ஃபோக், ராக் நாலும் ஒரே சட்டியில் கொதிக்கிற இசை இவருடையது. இன்றைக்கு ரூட்ஸ் ராக், அமெரிக்கானா என்றெல்லாம் அதற்குப் பெயர் இருக்கிறது, விருது இருக்கிறது. எண்பதுகளில் ஒன்றும் இல்லை. ஒரு பெரிய கம்பெனி சோதனைப் பதிவுக்குப் பணம் கொடுத்துக் கேட்டுப் பார்த்தது. லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் இது ராக்குக்கு ஒத்துவராது, கண்ட்ரி வாடை அதிகம் என்றார்கள். நாஷ்வில்காரர்கள் இது கண்ட்ரிக்கு ஒத்துவராது, ராக் வாடை அதிகம் என்றார்கள். கடைசியில் 1988-இல் அவரைச் சேர்த்துக்கொண்டது ரஃப் ட்ரேட் என்ற பிரிட்டிஷ் நிறுவனம், பங்க் இசைக்குப் பேர்போனது. அந்த ஆல்பத்தில் இருந்த ஒரு பாட்டை கண்ட்ரி பாடகி மேரி சேப்பின் கார்ப்பெண்டர் பாடிப் பெரிய வெற்றி ஆக்கினார். 1994-இல் லூசிண்டாவுக்குப் பாடலாசிரியராக கிராமி விருது கிடைத்தது. பாட்டு எல்லோர் வீட்டிலும் கேட்டது. எழுதியவர் முகம் யாருக்கும் தெரியாது.

இந்த நிலையில்தான் 1995-இல் டெக்சஸின் ஆஸ்டின் நகரில் இந்த ஆல்பத்தின் பதிவு தொடங்கியது. பத்து வருடத்துக்கு மேல் கூடவே வாசித்துவந்த கர்ஃப் மார்லிக்ஸ்தான் தயாரிப்பாளர். பெரும்பகுதி முடிந்தும் விட்டது. அந்தச் சமயத்தில் பாடகர் ஸ்டீவ் எர்ல் தன் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்குக் கூடப் பாடக் கூப்பிட்டார். நாஷ்வில்லுக்குப் போய்ப் பாடிவிட்டு, பதிவைப் போட்டுக் கேட்டபோது லூசிண்டாவுக்கு ஒன்று தெரிந்தது: தன் குரல் இங்கே தன் குரலாகவே கேட்கிறது. ஸ்டீவ் எர்லும் ரே கென்னடியும் பழைய அனலாக் கருவிகளை வைத்துப் பதிவு செய்பவர்கள். குரல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். ஆஸ்டினில் பதிவானதை வைத்துக்கொண்டு அவரால் இனி நிம்மதியாக இருக்க முடியவில்லை. நாஷ்வில்லில் எல்லாவற்றையும் திரும்பப் பாடினார். மார்லிக்ஸ் விலகினார். நீண்ட காலத் துணை அங்கே அறுந்தது. அதற்கப்புறம் ஸ்டீவ் எர்லோடும் உரசல். மிச்ச வேலை லாஸ் ஏஞ்சலஸுக்குப் போயிற்று. ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ஈ ஸ்ட்ரீட் பேண்டில் பியானோ வாசிக்கும் ராய் பிட்டன் வந்து முடித்துக் கொடுத்தார். அதன் பிறகும் கம்பெனிகளுக்குள் கைமாறுகிற சிக்கலில் ஆல்பம் முடங்கிக் கிடந்து, கடைசியில் மெர்க்குரி நிறுவனம் வெளியிட்டது.

1997-இல் நியூயார்க் டைம்ஸ் வார இதழில் அவரைப் பற்றிய நீண்ட கட்டுரை வந்தது. எதிலும் திருப்தி இல்லாமல் தன்னையும் மற்றவர்களையும் வதைத்துக்கொள்கிற பெண் என்ற சித்திரம் அதிலிருந்துதான் பரவி நிலைத்தது. அவருக்கு அது ஆழமாக வலித்தது. வலிக்காதா? ஸ்பிரிங்ஸ்டீன் 'பார்ன் டு ரன்' என்ற ஒரே ஒரு பாட்டுக்கு ஆறு மாதம் செலவழித்தார். இன்று வரை அதை மேதைமையின் அடையாளமாகத்தான் சொல்கிறார்கள். அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பத்தில் பியானோ வாசித்த அதே ராய் பிட்டன்தான் இங்கேயும் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் என் குரல் இதில் சரியாக இல்லை, திரும்பப் பாடுகிறேன் என்றால் அது மனக்கோளாறு ஆகிவிடுகிறது. எனக்கு இதில் இன்னும் கோபம் ஆறவில்லை. ஆல்பத்தைக் கேட்டால் அந்த ஆறு வருடம் எங்கே போனது என்று தெரியும். எங்கேயும் ஒரு மெருகு, ஜிகினா கிடையாது. பொய்யாகக் கேட்ட எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்திருக்கிறார். அவ்வளவுதான் வேலை. அதற்கு ஆறு வருடம் ஆகும்.

அந்த அக்கறை எழுத்திலும் இருக்கிறது. தன் பாடல் வரிகளை அப்பாவுக்கு அனுப்பி, திருத்தம் கேட்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. 1997 ஜனவரியில் கிளின்டன் இரண்டாம் முறை பதவியேற்றபோது மேடையில் கவிதை வாசித்தவர் அந்த அப்பா. பெரிய அளவுகோல்தான். வரிகளில் ஒரு உரிச்சொல் அதிகம் இருக்காது. ஊர்ப் பெயர்கள் மட்டும் நிறைய.

'லேக் சார்ல்ஸ்' என்ற பாட்டைச் சொல்லாமல் நான் எப்படி இதை எழுதுவது! இறந்துபோன ஒரு பழைய காதலரைப் பற்றிய பாட்டு. அவர் பிறந்தது கிழக்கு டெக்சஸில் நாகடோச்சஸ் என்ற ஊரில். ஆனால் கேட்பவர்களிடமெல்லாம் லேக் சார்ல்ஸ் என்றுதான் சொல்லுவாராம், அந்த ஊர்மேல் அப்படி ஒரு ஆசை. மஞ்சள் நிறக் காரில் ஹௌலின் உல்ஃப் என்ற பாடகரின் ப்ளூஸைப் போட்டுக்கொண்டு லஃபயட், பேட்டன் ரூஜ் என்று இரண்டு பேரும் சுற்றியதைப் பாடுகிறார். சாகும் தறுவாயில் ஏதாவது ஒரு தேவதை வந்து காதில் பேசிப் பயத்தைப் போக்கியதா என்று கேட்கிறார். அக்கார்டியன் பின்னால் மெல்ல இழுத்துக்கொண்டே இருக்கிறது.

ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. லேக் சார்ல்ஸில் உண்மையிலேயே பிறந்தவர் லூசிண்டா. பாட்டு முழுக்க அதை அவர் சொல்லவே இல்லை. தன் ஊரை அந்த மனிதருக்கே விட்டுக் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்கும்போதெல்லாம் நான் திணறியிருக்கிறேன். பிறந்த ஊரில் இருந்தது எட்டு மாதம். அப்பாவின் பூர்வீக ஊரில் எங்களுக்கு வீடு இல்லை. ஒரு காலத்தில், இரண்டு வருடம் மட்டும் இருந்த ஒரு ஆற்றங்கரை ஊரைச் சொல்ல ஆரம்பித்தேன், பிடித்திருந்தது என்பதற்காக. அதைப் பொய் என்றுதான் இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். அந்த டெக்சஸ்காரர் செய்ததும் அதே வேலைதான். லூசிண்டா அதைத் திருத்தவில்லை, அவருக்காக அழுகிறார்.

இன்னொரு சாவு 'ட்ரங்கன் ஏஞ்சல்'. ப்ளேஸ் ஃபோலி என்ற ஆஸ்டின் பாடகருக்காக எழுதியது. நிரந்தர வீடு இல்லாமல் நண்பர்கள் வீட்டு சோபாக்களில் தூங்கி, பிய்ந்த காலணியை வெள்ளி நிற டேப்பால் ஒட்டி மாட்டிக்கொண்டு அலைந்த மனிதர். அற்புதமான பாட்டுகள் எழுதினார், கூடவே குடித்துக் கெட்டார். 1989 பிப்ரவரி 1 அன்று, வயதான ஒரு நண்பரின் மகன் சுட்டதில் இறந்தார். வயது 39. தற்காப்புக்காகச் சுட்டதாக நீதிமன்றம் அந்த மகனை விடுவித்தது. அஞ்சலிப் பாட்டு என்றாலே இறந்தவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடுவதுதான் வழக்கம். இவர் சண்டை போடுகிறார். கிட்டாரை ஏன் கையை விட்டாய், ஏன் இவ்வளவு தூரம் போகவிட்டாய் என்று கேட்கிறார். நம் பக்கத்தில் ஒப்பாரி வைக்கும் பெண்கள் இறந்தவரிடம் நேருக்கு நேராகக் கேட்பார்களே, அந்த உரிமை இந்தக் குரலில் இருக்கிறது. உயிரோடு இருப்பவரிடம் பேசுவது போலவே பேசுகிறார்.

'2 கூல் 2 பி 4-காட்டன்' பாட்டு மிசிசிப்பியின் ஜூக் ஜாயிண்டுகள் பற்றியது. கறுப்பின மக்களின் கிராமத்து மதுக்கடை, நடனக்கூடம், இசை மேடை எல்லாம் ஒன்றாக இருக்கும் இடங்கள். பர்னி ஐம்ஸ் என்ற புகைப்படக்காரர் அவற்றை எடுத்த படங்களைப் பார்த்து எழுதியது. சுவரில் எழுதி வைத்த விதிகளை அப்படியே பாடுகிறார். கெட்ட வார்த்தை கூடாது, சூதாட்டம் கூடாது, சண்டை கூடாது. அறிவிப்புப் பலகையை வாசித்தே ஒருவரால் மனதைக் கனக்கச் செய்ய முடியும் என்று நான் அதுவரை நம்பியதில்லை.

'கான்ட் லெட் கோ' மட்டும் வேறொருவர், ரேண்டி வீக்ஸ் எழுதியது. துள்ளலான பாட்டு, காரில் போகும்போது கேட்க நன்றாக இருக்கும். 'ஐ லாஸ்ட் இட்' 1980-இல் ஏற்கெனவே லூசிண்டா பாடியதுதான், எனக்கு அந்தப் பழைய வடிவம் இன்னும் பிடிக்கும். 'ஸ்டில் ஐ லாங் ஃபார் யுவர் கிஸ்' அழகான பாட்டு என்றாலும் ஆல்பத்தின் பதின்மூன்று பாட்டுகளில் என் மனதில் குறைவாக ஒட்டியது அதுதான். 'க்ரீன்வில்' பாட்டில் எமிலூ ஹாரிஸ் சேர்ந்து பாடுகிறார். குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிற ஒருவனை, நீ உன் ஊருக்கே போ என்று அனுப்பி வைக்கும் பாட்டு. இரண்டு பெண்களும் குரலை உயர்த்தவே இல்லை. கதவைச் சாத்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை, ஆனால் சாத்தியாகிவிட்டது.

'ஜாய்' அதற்கு நேர் எதிர். நீ என் சந்தோஷத்தை எடுத்துக்கொண்டாய், எனக்கு அது திரும்ப வேண்டும். இந்த ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். தொலைந்த சாமானைத் தேடுவது போல வெஸ்ட் மெம்ஃபிசுக்கும் ஸ்லைடலுக்கும் போய்த் தேடுவேன் என்கிறார். ஸ்லைட் கிட்டார் விடாமல் உறுமுகிறது. மனம் விட்டுப்போன ஒரு மழைக்காலத்தில் இந்தப் பாட்டை மொட்டை மாடியில் நின்று ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கேட்டேன். ஆறுதலாக ஒரு சொல்லும் அதில் கிடையாது. திருப்பிக் கேட்கலாம் என்பது மட்டும் இருக்கிறது. அப்போது எனக்கு அது தேவைப்பட்டது.

ஆல்பத்துக்கு 1999-இல் கிராமி கிடைத்தது, சமகால ஃபோக் பிரிவில். கண்ட்ரி என்றும் சொல்லாமல் ராக் என்றும் சொல்லாமல் அதற்கு ஒரு அலமாரி கண்டுபிடித்துவிட்டார்கள். அப்பா மில்லர் 2015 புத்தாண்டு அன்று காலமானார். அல்சைமர் நோய் வந்திருந்தது. 2020 நவம்பரில் லூசிண்டாவுக்குப் பக்கவாதம் வந்து உடம்பின் இடது பக்கம் பாதித்தது. கிட்டாரின் கம்பிகளை அழுத்துகிற கை அது. அதற்கப்புறமும் மேடை ஏறினார். கிட்டார் இல்லாமல், நின்று பாடுகிறார். 2023-இல் ஒரு புது ஆல்பமும் ஒரு நினைவுக்குறிப்பு நூலும் வந்தன. இந்த ஆல்பத்தின் 'மெட்டல் ஃபயர்கிராக்கர்' பாட்டில், பிரிந்துபோன காதலரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைப்பார்: நான் உன்னிடம் சொன்ன ரகசியங்களை யாரிடமும் சொல்லாதே. அந்த வரியைத்தான் நூலுக்குத் தலைப்பாக வைத்தார்.

கடைசிப் பாட்டின் பெயர் 'ஜாக்சன்'. டிரம்ஸ் அதட்டல் ஏதும் இல்லை. ஒரு பெண் யாரையோ விட்டுவிட்டுத் தனியாகப் போகிறாள். லஃபயட் போய்ச் சேர்ந்துவிட்டால் எனக்கு ஒன்றும் தோன்றாது, பேட்டன் ரூஜ் போய்விட்டால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன், ஜாக்சன் போகும் வரைக்கும் உன் ஞாபகம் பெரிதாக வராது என்று ஊர் ஊராக எண்ணிக்கொண்டே போகிறாள். ஒவ்வொரு ஊரையும் அவர் சொல்கிற விதத்தில், அந்த ஊர் வந்தபிறகும் ஒன்றும் மாறாது என்று நமக்குத் தெரிந்துவிடும். பல தடவை கேட்ட பிறகுதான் கவனித்தேன். இரண்டாவது பாட்டில் அந்தக் கார் போய்க்கொண்டிருந்ததும் ஜாக்சனுக்குத்தான். அப்போது முன்சீட்டில் பெரியவர்கள் இருந்தார்கள். இப்போது அவளே ஓட்டுகிறாள், பாட்டு முடியும் வரை ஜாக்சன் வரவில்லை.